திருமலை நாயக்கர் காலத்து மதுரையில் ஒரு ரேப்பியர்: படம், விதி, பொருத்தம்

உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, மேசையில் பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் சொந்தமாக ஓர் உலகம் கட்டுகிறீர்கள். ஊர்ப் பெயரை மாற்றியிருந்தாலும் அது 1640 வாக்கிலான மதுரைதான். தூத்துக்குடி முத்து வணிகர் மகளாக ஆடப்போகும் தோழி தன் கையில் ரேப்பியர், அதாவது குத்துவதற்கான நீண்ட ஒல்லியான ஐரோப்பிய வாள், வேண்டும் என்கிறார். குழுவில் இன்னொருவர், "அது கோணி ஊசிண்ணே, அரிவாளால ஒரு போடு போட்டா ரெண்டா போயிரும்" என்கிறார். படம் போடும் தம்பி வரைந்த வாளையும் அனுப்பியிருக்கிறீர்கள். ஆக, அந்த வாள் அந்த ஊருக்குப் பொருந்துமா, எப்படி வரைவது, விதியில் எப்படி ஆடுவது?

தாராளமாகப் பொருந்தும். ஆனால் படத்தில் இருப்பது ரேப்பியர் இல்லை. விதிப்புத்தகத்தில் இருப்பதும் பாதி ரேப்பியர்தான்.

முதலில் படம். தம்பி வரைந்திருப்பது ஒலிம்பிக் வாள்வீச்சில் வரும் ஃபாயில். நம் ஊரில் வாள்வீச்சு என்றாலே 2021-ல் டோக்கியோவில் ஆடிய சென்னைப் பெண் பவானி தேவிதான் நினைவுக்கு வருவார். அவருடைய ஆயுதம் ஃபாயிலும் இல்லை, சேபர். அதில் அலகின் ஓரத்தால் தொட்டாலும் புள்ளி உண்டு. ஃபாயில் 500 கிராமுக்குள் அடங்கும், அலகு 90 சென்டிமீட்டரைத் தாண்டாது, பட்டதும் வில்லாக வளையும். எதிராளி ஆட்டம் முடிந்து நல்லபடியாக வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்யப்பட்டது. ரேப்பியருக்கு அந்தக் கவலை கிடையாது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரேப்பியர் சுருங்கி ஸ்மால்சோர்டு ஆனது. ஸ்மால்சோர்டைப் பழகுவதற்கு வந்தது ஃபாயில். பேரனைப் பார்த்துத் தாத்தாவை வரைந்தால் இப்படித்தான் வரும்.

ரேப்பியரின் அலகு மட்டுமே பெரும்பாலும் 100 முதல் 115 சென்டிமீட்டர். முழு வாளின் எடை ஒரு கிலோவிலிருந்து ஒன்றேகால் கிலோ வரை, சிலது அதற்கும் கொஞ்சம் மேல். இரண்டு கையாலும் பிடிக்கும் நீண்ட வாள்களில் பல இதே எடைதான் இருக்கும். அலகு குறுகலாக இருக்கும், ஆனால் பிடி பக்கம் நல்ல தடிமன். குறுக்குவெட்டாகப் பார்த்தால் சாய்சதுரம் அல்லது ஆறுபட்டை. விறைப்பாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்தத் தடிமன். எனவே படத்தில் அலகைப் பிடியிலிருந்து முனைவரை ஒரே கம்பியாக இழுக்காதீர்கள். அடியில் பெருவிரல் அகலம், நடுவிலிருந்து மெலிவு, கடைசியில் முனை.

உங்கள் நண்பர் அரிவாளை இழுத்தது நல்லதாகப் போயிற்று. ரேப்பியரை விளக்க அதைவிட நல்ல எதிர்ப்பொருள் கிடைக்காது. திருப்பாச்சேத்தி அரிவாளைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும், கனம் எல்லாம் வளைவுக்கு முன்னால் இருக்கும். கை ஓங்கினால் போதும், மீதி வேலையை இரும்பே பார்த்துக்கொள்ளும். ரேப்பியரில் கனம் பிடிப்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. கைக்காப்பும் கடைசிக் குமிழும் சேர்ந்து அலகை ஈடுகட்டுகின்றன. சமநிலைப் புள்ளி கைக்காப்பிலிருந்து சில விரற்கடை தூரத்தில்தான். அதனால் முனை லேசாக இருக்கும். மணிக்கட்டை ஒரு நூல் திருப்பினால் ஒரு மீட்டருக்கு அப்பால் முனை இடம் மாறும். வெட்டினால் தோல் கிழியும், முகம் கிழியும், விரல் போகலாம், தலை துண்டாகாது. அதற்கு அரிவாள்தான்.

நீளத்தை எப்படி முடிவு செய்வது என்று தம்பி கேட்டால், அந்தக் கால ஆசான்களே அளவு கொடுத்திருக்கிறார்கள். இத்தாலியர் கபோ ஃபெர்ரோ 1610-ல் வெளியிட்ட நூலில், வாள் அவரவர் கையின் நீளத்தைப்போல் இரு மடங்கு இருக்க வேண்டும் என்கிறார். 1630 வாக்கில் பெரிய பெரிய வட்டப் படங்களோடு நூல் போட்ட திபோ, முனையைத் தரையில் ஊன்றினால் கைக்காப்பின் குறுக்குக் கம்பி தொப்புளுக்கு வர வேண்டும் என்கிறார். இரண்டும் ஒரே அளவைத் தராது. கபோ ஃபெர்ரோ வாள் நீளம், திபோ வாள் குட்டை. உங்கள் தோழியின் பாத்திரம் எந்த ஆசானிடம் படித்தாள் என்பதை வாளின் நீளத்திலேயே காட்டிவிடலாம். எழுதிச் சொல்லவே வேண்டாம்.

கைக்காப்புதான் ரேப்பியரின் அழகு, விளையாட்டு நிறுவனங்கள் அதிகம் சொதப்புவதும் அங்கேதான். பளபளவென்று இறக்கை, ரத்தினம், நடுவில் பெரிய ஓட்டை. எதிரியின் முனை நேராக விரலுக்கு வந்து சேரும். உண்மையான காப்பின் ஒவ்வொரு வளையத்துக்கும் வேலை உண்டு. சுட்டுவிரல் குறுக்குக் கம்பியைத் தாண்டி முன்னே போய், கூர் இல்லாத அடிப்பகுதியைச் சுற்றிக்கொள்ளும். முனையை நெறிப்படுத்துவது அந்த விரல்தான். வெளியே போன விரலைக் காக்க ஒரு வளையம், முட்டியைக் காக்க ஒரு வில், புறங்கையைக் காக்க இன்னும் சில கம்பிகள். இவை பின்னிப் பிணைந்து நிற்பது 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வழக்கம். அரைக் கோளமாகக் கிண்ணம் கவிழ்த்த மாதிரி வரும் காப்பு 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஸ்பெயின் பக்கமும் இத்தாலியிலும் பரவியது. உங்கள் கதை 1640. அப்பாவிடமிருந்து வந்த வாள் என்றால் கம்பிக் காப்பு, கப்பலில் புதிதாக வந்திறங்கியது என்றால் கிண்ணக் காப்பு.

இன்னொன்று, வாளை முதுகில் மாட்டாதீர்கள். 110 சென்டிமீட்டர் அலகை முதுகு உறையிலிருந்து உருவ மனிதக் கை போதாது. இடது இடுப்பில் தோல்வாரில் சாய்ந்து தொங்கும், உறையின் நுனி பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கட்டிக்கொண்டு சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் மாசி வீதியில் நடக்கும் காட்சி ஒன்று வையுங்கள். நாலு பேர் முழங்காலில் இடித்து, பத்துப் பேரிடம் வசவு வாங்காமல் அந்தப் பெண் தேரடி போய்ச் சேர மாட்டாள். இங்கிலாந்தில் எலிசபெத் ராணி காலத்திலேயே அலகு ஒரு கெஜமும் அரைக்கால் கெஜமும் தாண்டக் கூடாது என்று ஆணை போட்டார்கள், கிட்டத்தட்ட 103 சென்டிமீட்டர். மீறினால் வாளை வெட்டிச் சுருக்கலாம். உங்கள் கதையிலும் கோட்டைவாசல் காவலர் ஒரு கோலை வைத்து அளந்து பார்க்கட்டும்.

இனி விதி. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் ரேப்பியருக்குக் காயத்தைக் கணக்கிட எட்டுப் பக்கப் பகடை, குத்து வகை டேமேஜ் (காயம்), ஃபினெஸ் பண்பு, விலை 25 பொற்காசு. ஃபினெஸ் என்றால் வலிமைக்குப் பதில் சுறுசுறுப்பைக் கணக்கில் எடுக்கலாம். அந்தப் பண்புள்ள மற்ற ஒற்றைக்கை ஆயுதங்களைப் பாருங்கள்: குறுவாள் ஆறு பக்கம், சிமிட்டர் ஆறு பக்கம், கத்தி நான்கு பக்கம். சுறுசுறுப்பை நம்பி கைச்சண்டைக்குப் போகும் எவரும் ரேப்பியரைத்தான் எடுப்பார்கள், ரோக் (மறைந்து தாக்கும் கள்வன்) வகுப்பு முதலில். பால்டர்ஸ் கேட் 3 கணினி விளையாட்டும் இதே விதியில் ஓடுவதால் அங்கேயும் அதே கதை. ரேப்பியர் பிடித்துப்போய் எடுப்பவர்கள் எத்தனை பேர், பகடையைப் பார்த்து எடுப்பவர்கள் எத்தனை பேர் என்று எந்த மேசையிலும் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

பழைய 3.5 பதிப்பில் ஆறு பக்கப் பகடைதான், ஆனால் அடி பட்டதா என்று பார்க்க உருட்டும் இருபது பக்கப் பகடையில் 18, 19, 20 எது விழுந்தாலும் உயிர்நிலை அடிக்கு (இரட்டிப்புக் காயம்) வாய்ப்பு. என் கணிப்பில் அது இன்றைய விதியைவிட ரேப்பியருக்கு நெருக்கம்: பெரும்பாலும் சின்னக் காயம், எப்போதாவது ஒரே குத்தில் ஆள் காலி. அதே பதிப்பில் செத்துப் பிழைத்த பேய்களுக்கு உயிர்நிலை அடி படாது. எலும்புக்கூட்டுக்கு எந்த இடத்தில் குத்துவது? அந்தத் தர்க்கமும் சரியாக இருந்தது. பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு மேசை விளையாட்டின் இரண்டாம் பதிப்பு அதே எண்ணத்தை வேறு வழியில் செய்கிறது: ஆறு பக்கப் பகடை, ஆனால் உயிர்நிலை அடி விழுந்தால் எட்டுப் பக்கப் பகடை ஒன்று கூடும், கூடவே எதிரியின் ஆயுதத்தைத் தட்டிவிடவும் உதவும். 2024-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் திருத்தத்தில் ரேப்பியரில் தேர்ந்தவர்களுக்கு, குத்து பட்டால் அதே எதிரி மேல் அடுத்த வீச்சுக்கு அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பது) கிடைக்கிறது. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் அதையே குறுவாளுக்கும் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் இந்தப் பதிப்புகள் எல்லாமே ஒன்றைத் தவறவிடுகின்றன: தூரம்.

ரேப்பியரின் பலம் வேகம் என்றோ நளினம் என்றோ நினைப்பது திரைப்படப் பழக்கம். அதன் பலம், உன் கை என்னைத் தொடும் முன்பே என் முனை உன் நெஞ்சுக்கு வந்துவிடும் என்பது. கையை நீட்டி, முன்காலை எறிந்து, உடம்பைச் சாய்த்துக் குத்தும்போது கை, வாள், அடி மூன்றும் சேர்ந்து எட்டும் தூரம் இரண்டு மீட்டரைத் தாண்டும். கபோ ஃபெர்ரோ அந்த நீட்டலை ஒரு படத்தில் அளவோடு பிரித்துக் காட்டியிருக்கிறார். அவருக்கு முன்னால் 1553-ல் அக்ரிப்பா என்ற ரோம் பொறியாளர் ஒருவர், நாலு கைநிலைகள் போதும் என்று சண்டையை வடிவியலாகச் சுருக்கினார். ஸ்பெயினில் கரான்சா 1582-ல் வட்டமும் கோணமும் போட்டு விளக்கினார். இவர்கள் எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதியது தூரத்தைப் பற்றித்தான்: எங்கே நின்றால் எட்டும், எங்கே நின்றால் எட்டாது, எந்தக் கோணத்தில் காலை வைத்தால் எனக்கு எட்டும் உனக்கு எட்டாது. சிலம்பம் பழகியவர்களுக்கு இது ஒன்றும் அந்நியமாக இருக்காது. வாத்தியார் முதல் பல நாள் கம்பையே தராமல் காலடி மட்டும் போடவைப்பது இதற்காகத்தான்.

இப்போது ஐந்தாம் பதிப்பைப் பாருங்கள். நாலு பக்கப் பகடைக் கத்தியும் எட்டும் தூரம் ஐந்தடி, ரேப்பியருக்கும் அதே ஐந்தடி. அதைவிட வேடிக்கை, கத்திக்காரன் எந்தச் சேதமும் இல்லாமல் ரேப்பியர்காரி முகத்துக்கு நேரே நடந்து வரலாம். திரும்பிப் போகும்போதுதான் அவளுக்கு இலவசக் குத்து. வாள்முனையை நோக்கி வருவது இலவசம், விலகுவதற்குத்தான் அபராதம்! நிஜத்தில் நேர்மாறு. முனையைத் தாண்டி உள்ளே வருவதில்தான் உயிர் போகும். வந்துவிட்டால் அதன் பிறகு ரேப்பியர்காரிக்குத்தான் சிக்கல், ஒரு மீட்டர் இரும்பை அவ்வளவு நெருக்கத்தில் திருப்ப இடமிருக்காது.

கணினி விளையாட்டுகளில் இதை ஓரளவு பிடித்தவை டார்க் சோல்ஸ் வரிசையும் எல்டன் ரிங்கும். அங்கே ரேப்பியர் வகை வாள்களாலும் ஈட்டிகளாலும் கேடயத்தை இறக்காமலே குத்தலாம். எதிரி ஓங்கிய நேரத்தில் குத்து விழுந்தால் டேமேஜ் கூடும். எதிரியின் அசைவுக்கு நடுவே முனையை வைப்பது என்ற எண்ணம் அந்தக் கால நூல்களில் அப்படியே இருக்கிறது. மற்ற பக்கம் ஃபைனல் ஃபேன்டசி 14-ல் செம்மாயக்காரர் (ரெட் மேஜ் என்ற மந்திரவாதிப் பாத்திரம்) கையில் ரேப்பியர் பாதி மந்திரக்கோல், அழகுக்காக வைத்தது, அதில் தப்பில்லை. ஸ்கைரிமில் ரேப்பியரே இல்லை. கோடாரியும் கனத்த கவசமும் ஆளும் உலகம் அது, இல்லாததுதான் பொருத்தம்.

என் மேசையில் ஓட்டும் வீட்டு விதியைத் தருகிறேன். இதற்கு முனைக்காவல் என்று பெயர் வைத்திருக்கிறோம். ரேப்பியரின் பகடையை ஆறு பக்கமாகக் குறையுங்கள். பதிலுக்கு, உங்கள் வாளைவிடக் குட்டையான ஆயுதத்தோடோ வெறுங்கையோடோ ஒருவர் உங்கள் ஐந்தடிக்குள் நுழையும்போது, ரியாக்ஷனை (சுற்றுக்கு ஒன்றே கிடைக்கும் எதிர்வினை) செலவழித்து ஒரு குத்து குத்தலாம். நுழைபவர் கேடயம் வைத்திருந்தால் அந்தக் குத்துக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடையில் சின்னதை எடுப்பது). குத்து தவறி, அந்த எதிரி உங்களை அடித்தோ பிடித்தோவிட்டால் அவர் உள்ளே புகுந்துவிட்டார் என்று கணக்கு. நீங்கள் குறைந்தது ஐந்தடி விலகும்வரை அவர்மேல் ரேப்பியரால் அடிப்பதெல்லாம் டிஸ்அட்வான்டேஜ். விலகினால் அவருக்கு இலவச அடி கிடைக்குமே என்பீர்கள். ரோக் வகுப்புக்கு இரண்டாம் நிலையில் போனஸ் ஆக்‌ஷனாகவே டிஸ்என்கேஜ் (இலவச அடி வாங்காமல் விலகுவது) கிடைக்கிறது. மற்றவர்கள் யோசிக்கட்டும். வாளை வீசி எறிந்துவிட்டுக் கத்தியை உருவும் காட்சி எங்கள் மேசையில் வந்ததே இந்த விதிக்குப் பிறகுதான்.

இடது கைக் கத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரேப்பியரும் கத்தியும் இரு கைகளில் என்பது அந்தக் காலத்தின் மிகச் சாதாரணமான ஜோடி. கத்தி தடுக்கும், வாள் குத்தும். கத்தி இல்லாதவர் மேலங்கியை இடது முழங்கையில் சுற்றிக்கொள்வார், அதற்கும் பாடங்கள் இருந்தன. 2014 விதியோ ரேப்பியர் லேசான ஆயுதம் இல்லை என்று சொல்லி, தனியாக ஒரு ஃபீட் (சிறப்புத் திறன்) வாங்கினால்தான் இரண்டையும் சேர்த்து ஆட விடுகிறது. அந்தத் தடையை எடுத்துவிடுங்கள், ஆனால் கத்தியால் இரண்டாவது அடி வேண்டாம். ஏசியில் (அடி பட எதிரியின் பகடை எட்ட வேண்டிய எண்) ஒன்று கூட்டினால் போதும். டிஃபென்சிவ் டூயலிஸ்ட் என்று ஒரு ஃபீட் அதே 2014 விதியில் ஏற்கெனவே இருக்கிறது: ஃபினெஸ் ஆயுதத்தோடு, ரியாக்ஷனைச் செலவழித்து, ஓர் அடிக்கு எதிராக ப்ரொஃபிஷியன்சி போனஸை (பாத்திரத்தின் தேர்ச்சி எண்ணை) ஏசியில் கூட்டுவது. அதை உங்கள் தோழிக்குச் சிபாரிசு செய்யுங்கள். முனைக்காவலுக்கும் அதற்கும் ரியாக்ஷன் ஒன்றுதான் என்பதால், ஒவ்வொரு சுற்றிலும் குத்துவதா காப்பதா என்று அவர் தேர்ந்தாக வேண்டும். அந்தத் தவிப்புதான் ரேப்பியர் ஆட்டம்.

வலிமையே தேவையில்லை என்ற எண்ணத்தை மட்டும் வளரவிடாதீர்கள். ஒரு கிலோ இரும்பை நீட்டிய கையில் கால் மணி நேரம் பிடித்துப் பாருங்கள், தோள் சொல்லும். வலிமை 8 வைத்திருக்கும் பாத்திரத்துக்கு நான் ரேப்பியர் தருவதில்லை. 10 ஆவது இருக்கட்டும்.

சரி, மதுரையில் இது எப்படி வந்தது? இங்கே வரலாறே உங்களுக்கு வேலையைச் செய்து வைத்திருக்கிறது. போர்த்துகீசியர் 1530களில் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் வேரூன்றினார்கள். டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தது 1658-ல். திருமலை நாயக்கர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. ஆக அவர் ஆட்சி முழுக்கக் கிட்டத்தட்ட போர்த்துகீசிய வாள்கள் நான்கு நாள் நடைதூரத்தில் இருந்தன. 1606-லிருந்தே இயேசு சபையின் ராபர்ட் தெ நோபிலி மதுரையில் இருந்தார், அதனால் ஐரோப்பியர் முகம் ஊருக்குப் புதிதில்லை. 1640 என்று நீங்கள் ஆண்டைத் தேர்ந்ததும் சுவாரசியம்: 1580 முதல் ஸ்பெயின் அரசரின் கீழ் இருந்த போர்த்துகல் அந்த டிசம்பரில்தான் பிரிந்தது. செய்தி கப்பலேறித் தூத்துக்குடி வந்து சேர மாதக்கணக்காகும். துறைமுகத்தில் இரண்டு வாள்காரர்கள் தங்கள் அரசர் யார் என்பதே தெரியாமல் ஒரே மேசையில் சீட்டாடுகிறார்கள் என்று ஒரு காட்சி வைத்துப் பாருங்கள். முத்து வணிகர் மகள் அங்கே யாரிடமாவது வாள் பழகியிருப்பாள் என்பது நம்பக்கூடியதே.

ஊருக்குள் அவளை எதிர்கொள்பவர்கள் யார்? வேல், வளைந்த வாளும் வட்டக் கேடயமும், இடுப்பில் கட்டாரி (குறுக்குப் பிடியுள்ள குத்துக்கத்தி). இதில் வேல்காரனிடம் ரேப்பியருக்குப் பெரிய நன்மை இல்லை, அவன் எட்டும் தூரம் அதிகம். கேடயக்காரனிடம் பாதிப் பாதி. கம்புக்காரனிடம் தோற்கும் என்றே சொல்வேன், அதற்குச் சாட்சி மதுரைக்காரர் இல்லை, இங்கிலாந்துக்காரர். ஜார்ஜ் சில்வர் என்ற ஆங்கிலேயர் 1599-ல் ரேப்பியரைக் கண்டபடி திட்டி ஒரு நூல் போட்டார்: நீளம் அதிகம், தடுக்கத் திரும்பாது, இருவரும் ஒருவரையொருவர் குத்திக்கொண்டு சேர்ந்து சாவதற்குத்தான் லாயக்கு என்பது அவர் வாதம். ஆயுதங்களை அவர் வரிசைப்படுத்தியபோது இரண்டு கைக் கம்பை ரேப்பியருக்கு வெகு மேலே வைத்தார். இத்தாலிய ஆசான்கள் லண்டனில் பணக்காரப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்ட வயிற்றெரிச்சலும் அதில் கொஞ்சம் இருக்கிறது. இருந்தாலும் கம்பைப் பற்றிச் சொன்னது உண்மை. நெற்றி உயரக் கம்பை ஒரு முனையருகே பிடித்துக் குத்தும் சிலம்பக்காரன் எட்டும் தூரம் ரேப்பியருக்குக் குறையாது, அதோடு அவன் இரண்டு கையால் தட்டுகிறான். ஐந்தாம் பதிப்பில் கம்புக்கும் ஐந்தடிதான். உங்கள் ஊர்ச் சிலம்ப வாத்தியார் பாத்திரத்துக்கும் முனைக்காவலைக் கொடுத்துவிடுங்கள். அவரிடம் தோழி முதல் தடவை அடிவாங்கட்டும்.

இடமும் முக்கியம். புதுமண்டபம் மாதிரித் தூண் வரிசைக்குள் சண்டை வந்தால் வீசுபவனுக்குத் தூண் தடுக்கும், குத்துபவளுக்குத் தடுக்காது. பக்கவாட்டிலிருந்து சூழவும் வழியில்லை. எழுகடல் தெருச் சந்து போன்ற இடங்களும் அப்படியே. அதே சண்டை மகால் முற்றத்தில் நடந்தால், 1636-ல் எழுந்த அந்தத் திறந்த வெளியில் மூன்று பேர் சுற்றி வளைத்தால் ஒரே ஒரு முனை எத்தனை பேரைப் பார்க்கும்? இரண்டு வரைபடங்களையும் அடுத்தடுத்த வாரம் ஆடவையுங்கள். விதி எதுவும் மாற்றாமலே வாளின் பலமும் பலவீனமும் தெரிந்துவிடும்.

"ஒரு போடு போட்டால் ரெண்டாகும்" என்ற நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். ஸ்பெயினின் டொலேடோ, ஜெர்மனியின் ஜோலிங்கன் ஊர்களின் நல்ல அலகு அவ்வளவு லேசில் உடையாது. ஓங்கி வரும் அரிவாளை அடிப்பக்கத் தடிமனில் சரித்துத் தள்ளிவிடுவதுதான் முறை, குறுக்கே நீட்டி வாங்குவதில்லை. ஆனாலும் உடைந்தவை உண்டு. அவை என்ன ஆயின என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. தென்னிந்தியாவில் ஐரோப்பிய அலகுக்கு மதிப்பு இருந்தது. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த கட்டாரிகள் பலவற்றில் பிடி நம் ஊர் வேலை, யாளி முகம் பூவேலைப்பாடு எல்லாம் இரும்பில் வெட்டியது. அலகோ ஐரோப்பிய வாளிலிருந்து வெட்டி எடுத்தது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இந்த வகைக் கட்டாரிகள் இருக்கின்றன. தக்காணத்தில் முழு ஐரோப்பிய அலகுக்கே நம் ஊர்ப் பிடி போட்டுக்கொண்டார்கள்.

இதை விதியாக்குங்கள். பகடையில் 1 விழுந்தால் வாள் உடையும் என்ற மட்டமான வழக்கம் வேண்டாம், அதிக அடி அடிக்கும் திறமைசாலிக்குத்தான் அதில் நஷ்டம். மாறாக, பாத்திரத்தை வீழ்த்தப்போகும் ஓர் அடியை, வாளைக் குறுக்கே கொடுத்துத் தடுத்தேன் என்று ஆடுபவர் சொல்லலாம். அடி பலிக்காது, வாள் போகும். துண்டை எடுத்துக்கொண்டு கொல்லனிடம் போனால் அவர் அதைக் கட்டாரியாக்கித் தருவார். கட்டாரிக்குப் புதுக் கணக்கு எழுத வேண்டாம், குறுவாளின் வரியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: ஆறு பக்கம், ஃபினெஸ், லேசு. வாளில் மந்திரம் இருந்தால் அது கட்டாரிக்கு வந்துசேரட்டும். முனைக்காவல் மட்டும் போய்விடும், நீளம் போய்விட்டதே. அதுவரை தூரத்தில் நின்று ஆடிய பெண் இனி உள்ளே புகுந்து ஆட வேண்டும். ஒரு பாத்திரத்தின் போக்கு மாறுவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

கொல்லரே புது ரேப்பியர் அடித்துத் தரட்டுமே, நம் உருக்குதான் உலகப் புகழாயிற்றே என்று யாராவது கேட்பார்கள். மூசையில் உருக்கிய நம் எஃகில் கரிமம் அதிகம். கூரும் கடினமும் அதன் பெருமை. நீளமாக, ஒல்லியாக, வளைந்து நிமிர வேண்டிய அலகுக்கு அந்தக் கடினமே எதிரி. அப்படி ஒரு வாளை உங்கள் உலகத்தில் யாராவது செய்து முடித்தால் அதை மந்திர வாள் வரிசையில் வையுங்கள், கடையில் விற்காதீர்கள்.

பராமரிப்புக்கு எண்ணெய் போதும். தூத்துக்குடி உப்புக்காற்றில் இரண்டு வாரம் துடைக்காமல் விட்டால் வாள் உறையை விட்டு வராது. சோம்பேறி ஆட்டக்காரருக்கு அந்தச் சோதனையை ஒரு முறை வைக்கலாம்.

யாளி போன்ற பெரிய மிருகம் வந்தால் என்ன செய்வது? மனிதன் குத்துப்பட்டால் தயங்குவான். பாய்ந்து வரும் மிருகம் அலகு முழுக்க ஏறி உங்கள் கைவரை வந்துவிடும். ஐரோப்பாவில் காட்டுப்பன்றி வேட்டை ஈட்டியில் குறுக்குக் கட்டை வைத்தது அதற்காகத்தான். எனவே பெரிய அளவுள்ள மிருகங்களுக்கு எதிராக முனைக்காவல் குத்து டேமேஜ் தரும், ஆனால் குத்து பட்டதும் வாள் அந்த உடம்பிலேயே மாட்டிக்கொள்ளும். உருவி எடுக்க ஒரு ஆக்‌ஷன் செலவு. அந்த நேரத்தில் இடது கையில் கத்தி இருப்பது நல்லது.

விலையை 25 பொற்காசு என்று விடாதீர்கள். உங்கள் ஊரில் அது கப்பலில் வந்த சரக்கு. ஐம்பது வராகன் வையுங்கள், மதுரைக் கடைவீதியில் கிடைக்காது, தூத்துக்குடிக்குத்தான் போக வேண்டும். முதல் வாரம் தோழிக்கு வாளையும் தோல்வாரையும் மட்டும் கொடுங்கள். கத்தியை அவரே தேடிப் பிடிக்கட்டும்.